மைக்கா, ஸ்பீக்கரா? கணினி ஒலி பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கணினியின் மைக், ஸ்பீக்கர் பற்றியவை. எனவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ஒலி தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறோம்.

இணையவழி வகுப்பு எடுக்கிறேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறார்கள் மாணவர்கள். மடிக்கணினியில் பதிவு செய்து நானே கேட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. யார் சொல்வது சரி? – ஓர் ஆசிரியை

மாணவர்கள் சொல்வதை நம்புங்கள். மடிக்கணினியில் பதிந்த குரலை அதே மடிக்கணினியின் ஸ்பீக்கரில் கேட்டிருப்பீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைச் சரியாக எழுப்ப முடியாது. மின்விசிறியின் உறுமலும் அறையின் முழக்கமும் அதில் அமுங்கிப் போயிருக்கும். ஹெட்போன் மாட்டிய மாணவருக்கு அத்தனையும் கேட்கும். மைக்கைச் சோதிக்கும்போது, கேட்கப் பயன்படும் கருவி நல்லது என்பது முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சந்தேகித்தால் விடை கிடைக்காது.

அதனால் கேட்கும் கருவியிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பாட்டைக் கைபேசியில் ஒரு ஹெட்போன் மூலம் கேளுங்கள். அதே ஹெட்போனைக் கணினியில் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஹெட்போனும் கணினியின் ஒலி வெளியீடும் நலம். இனி அந்த ஹெட்போனில் கேட்பதை மட்டும் நம்பலாம்.

அடுத்து, கணினி எந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் ‘இன்புட்’ பகுதியில் இருக்கிற மைக்குகள் வரிசையாக வரும். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸில் சவுண்ட், அதில் ‘இன்புட்’. நீங்கள் பேசும்போது அங்கே ஓர் அளவுப்பட்டை ஆடும். ஆனால் பட்டை ஆடுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறொரு மைக் உங்கள் குரலைத் தூரத்திலிருந்து பிடித்தாலும் அது ஆடத்தான் செய்யும். நகத்தால் சோதிப்பதே நம்பகமானது. மடிக்கணினி மைக்கின் துளைகள் பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில், கேமராவுக்கு இருபுறமும் ஊசிமுனை அளவில் இருக்கும். பதிவை ஓடவிட்டு, அந்தத் துளையின் பக்கத்தில் நகத்தால் மெல்ல மூன்று முறை சுரண்டுங்கள். பிறகு ஹெட்செட்டின் மைக் நுனியில் மூன்று முறை சுரண்டுங்கள். எது ‘கரக் கரக்’ என்று பெரிதாகப் பதிகிறதோ அதுதான் வேலை செய்யும் மைக். ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசியும் மடிக்கணினி மைக்தான் பதிகிறது என்று தெரிந்தால் கிணற்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: வகுப்பு நடத்தும் செயலி தனக்கென்று ஒரு மைக்கைத் தனியாகத் தேர்ந்து வைத்திருக்கும். பதிவு நன்றாக வந்து வகுப்பு மட்டும் மோசமாக இருந்தால், செயலியின் ‘ஆடியோ’ அமைப்பைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

மைக் சரியானதுதான் என்றால் தூரத்தைச் சோதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பதிவைத் தொடங்கி 10 விநாடி பேசாமல் இருங்கள். பிறகு வாயிலிருந்து மைக் 15 முதல் 20 செ.மீ. தொலைவில் இருக்கும்படி 20 விநாடி இயல்பாகப் பேசுங்கள். அதே வாக்கியங்களை 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்து திரும்பச் சொல்லுங்கள். தூரம் இரட்டிப்பானால் உங்கள் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியோ அவ்வளவாகக் குறையாது. ஆகவே தள்ளிப் போகப் போகக் குரலைவிட அறை அதிகமாகக் கேட்கும். கிணற்றுச் சத்தம் என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொலைவில் இருந்துகொண்டு ஒலியளவைக் கூட்டினால் அறையும் சேர்ந்து கூடும், பயன் இல்லை. மைக்கை அருகில் கொண்டுவருவதற்கு ஈடான மருந்து எதுவும் கிடையாது. திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி உள்ள அறைக்கு மாறுவது இரண்டாவது மருந்து.

சோதனை வாக்கியத்தில் ‘ப’வும் ‘ஸ’வும் ‘ஷ’வும் வரட்டும். ‘பாப்பா பம்பரம் பார்த்தாள்’ என்று சொல்லும்போது ‘புப்’ ‘புப்’ என்று காற்று மோதினால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் பக்கமாக ஒதுக்குங்கள். ‘ஸ்வரம்’, ‘புஷ்பம்’ இரண்டும் தெளிவாகப் பிரிந்து கேட்க வேண்டும்.

ஆடாசிட்டியின் டெசிபெல் அளவுகோலில் 0 என்பது உச்சவரம்பு. இயல்பான பேச்சின் உச்சங்கள் −12க்கும் −6க்கும் இடையில் நிற்க வேண்டும். 0ஐத் தொட்டால் அலையின் தலை சீவியதுபோல் தட்டையாகிவிடும். உடைந்த அந்த ஒலியைப் பின்னால் ஒலியளவைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. பேசாமல் இருந்த 10 விநாடி −50க்குக் கீழே கிடந்தால் வகுப்புக்குப் போதுமானது. அதற்கு மேலே இருந்தால், விண்டோஸ் 11இன் சவுண்ட் பக்கத்தில் உள்ள ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ வழியாக ‘ரெக்கார்டிங்’ பகுதிக்குப் போய், மைக்கின் ‘லெவல்ஸ்’ தாளில் ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ எவ்வளவு என்று பாருங்கள். அது +20 அல்லது +30 டெசிபெலில் இருந்தால் குரலோடு இரைச்சலையும் அதே அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. பூஸ்ட்டை 0க்கு இறக்கி, சாதாரண அளவை 80, 90 என்று கூட்டி, மறுபடி பதிந்து பாருங்கள். எல்லா மைக்குக்கும் பூஸ்ட் இருக்காது, யூ.எஸ்.பி. மைக்குகளில் பெரும்பாலும் காணப்படாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மைக்கை நகர்த்தி, பூஸ்ட்டைக் குறைத்து, செயலியையும் மாற்றிவிட்டு ‘இப்போது சரியாகிவிட்டது’ என்றால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும். அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. கூட்டத்தில் சேர்ந்த நொடியே பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறது. ஹெட்செட் பழுதா?

பழுது இல்லை. ப்ளூடூத்தில் இசை கேட்பதற்கு ஒரு வழிமுறை, பேசிக் கேட்பதற்கு வேறொரு வழிமுறை. பாட்டு மட்டும் ஓடும்போது முழுத் தரத்தில் இரு காதுகளுக்கும் தனித்தனி ஒலி வரும். ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது செயலி திறந்தவுடன் இணைப்பு பேச்சு வழிக்கு மாறிவிடும். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி, தரமும் இறங்கும். பழைய வகைப் பேச்சு வழியில் ஒலியலை விநாடிக்கு 8,000 முறைதான் அளந்து பதியப்படும் (இந்த அளவுகளை மாதிரிகள் என்பார்கள்). அதில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி வராது. பிந்தைய வகையில் 16,000 மாதிரிகள், அதாவது 8,000 ஹெர்ட்ஸ் வரை.

உங்கள் ஹெட்செட் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஹெட்செட் மைக்கில் ‘ஸ… ஃப… ஸ… ஃப…’ என்று நீட்டிச் சொல்லிப் பதியுங்கள். ‘ஸ’வின் சீறல் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது வெட்டுப்பட்டால் இரண்டும் ஒரே ஊதலாகக் கேட்கும். உயிரெழுத்துகளைக் கேட்டால் வேறுபாடு தெரியாது, எனவே ‘அ, ஆ’ சொல்லிச் சோதிப்பது வீண்.

தீர்வு எளிது. கேட்பதற்கு ஹெட்செட்டையும், பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையோ தனி யூ.எஸ்.பி. மைக்கையோ தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் மைக்கை எந்தச் செயலியும் தொடாதவரை கேட்கும் ஒலி முழுத் தரத்திலேயே இருக்கும். விண்டோஸ் 10இல் அதே ஹெட்செட் ‘ஸ்டீரியோ’ என்றும் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்றும் இரண்டு பெயரில் தெரியும். பாட்டுக்கு முன்னதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூட்டத்தில் நான் பேசுவது எனக்கே அரை நொடி தாமதித்து எதிரொலிக்கிறது. என் மைக்கை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். உங்கள் குரல் எதிர்முனையில் ஒருவருடைய ஸ்பீக்கரிலிருந்து வெளியே வந்து, அவருடைய மைக்கில் நுழைந்து, உங்களிடம் திரும்பி வருகிறது. எல்லோரையும் மைக்கை அணைக்கச் சொல்லி, ஒவ்வொருவராகத் திறக்கச் சொல்லுங்கள். யார் திறக்கும்போது எதிரொலி வருகிறதோ அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. இதே கணக்கில், மற்றவர்கள் எதிரொலி என்று புகார் சொன்னால்தான் உங்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் பாட்டின் ஒலி தானாகக் குறைந்துவிடுகிறது.

விண்டோஸ் வேண்டுமென்றே செய்வது. ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ திறந்து ‘கம்யூனிகேஷன்ஸ்’ தாளுக்குப் போங்கள். மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறை என்று குறிக்கப்பட்டிருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றுங்கள்.

மேசைக் கணினியோடு இணைத்த ஸ்பீக்கரில் எப்போதும் ‘ம்ம்ம்…’ என்ற முனகல். எலியை நகர்த்தினால் கூடவே ‘கீச்’ என்று ஒரு சத்தமும் வருகிறது.

இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

‘ம்ம்ம்’ என்பது மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு (சில நாடுகளில் 60), அதோடு அதன் மடங்குகள். முதலில் ஸ்பீக்கரின் ஒலியளவுத் திருகியை முழுக்கக் குறையுங்கள். முனகல் அப்படியே இருந்தால் கோளாறு ஸ்பீக்கருக்குள்ளேயே, அதன் மின்பகுதியில் இருக்கிறது. குறைந்தால் முனகல் கம்பி வழியாக வருகிறது. அடுத்து, ஒலிக் கம்பியைக் கணினியிலிருந்து மட்டும் கழற்றுங்கள். (முனையை விரலால் தொட வேண்டாம், தொட்டால் நல்ல கம்பியும் முனகும்.) கழற்றியதும் நின்றால், கணினியும் ஸ்பீக்கரும் தனித்தனி வழியில் தரையிணைப்பு பெற்று ஒரு வளையமாகியிருக்கின்றன என்று பொருள். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும். போகாவிட்டால் ஒலிக் கம்பியின் நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய கருவி உதவும். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்தே இதை உறுதி செய்யலாம்.

செருகியின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் முனகல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முள் உங்கள் உயிரைக் காப்பதற்கு இருக்கிறது; முனகல் நிற்கும், கருவியில் மின்கசிவு வந்தால் அதைத் தொடுபவர் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும்.

எலியோடு வரும் ‘கீச்’, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்னிரைச்சல் ஒலிச் சுற்றில் கசிவது. பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தால் பின்பக்கத்துப் பச்சைத் துளைக்கு மாற்றுங்கள். முன்பக்கத்துக்கு ஓடும் உள்கம்பிதான் பெரும்பாலும் இதைப் பிடித்து வருகிறது. அப்படியும் இருந்தால் விரலளவு யூ.எஸ்.பி. ஒலி அடாப்டர் ஒன்று போதும். ஒலியாக்கம் பெட்டிக்கு வெளியே நடந்துவிடும்.

கைபேசியின் ஹெட்செட்டைப் பழைய கணினியில் செருகினால் பாட்டில் வாத்தியங்கள் கேட்கின்றன, பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போகிறது! மைக்கும் வேலை செய்யவில்லை.

பிளக்கைக் கையில் எடுத்து முனையைப் பாருங்கள். உலோகத்தைப் பிரிக்கும் மெல்லிய வளையங்கள் எத்தனை? இரண்டு என்றால் மூன்று தொடர்புகள்: இடம், வலம், பொது. உங்களுடையதில் மூன்று வளையங்கள் இருக்கும். நான்காவது தொடர்பு மைக்குக்கு. பழைய கணினியின் துளை மூன்று தொடர்புகளுக்காகச் செய்தது. பொதுக் கம்பியோடு சேர வேண்டிய இடத்தில் மைக்கின் தொடர்பு போய் உட்கார்ந்துகொள்கிறது. பொதுவழி அறுந்ததால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும் காதுக்கு வருகிறது. பாடுபவரின் குரல் பெரும்பாலான பதிவுகளில் இரு பக்கத்திலும் ஒரே அளவில் இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

உறுதி செய்துகொள்ள, ஹெட்செட் கம்பியில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் நாங்கள் சொன்னதுதான் காரணம். அந்தப் பொத்தான் மைக்கின் தொடர்பைப் பொதுக் கம்பியோடு இணைக்கிறது. நான்கு தொடர்புப் பிளக்கை இரண்டு மூன்று-தொடர்புப் பிளக்குகளாகப் பிரிக்கும் ‘ஒய்’ வடிவக் கம்பி வாங்கி, ஹெட்போன் கிளையைப் பச்சையிலும் மைக் கிளையை இளஞ்சிவப்பிலும் செருகுங்கள். நீலத் துளை மைக்குக்கானது அல்ல.

பழைய மடிக்கணினி ஒன்று வாங்கப் போகிறேன். ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாட்டுப் போட்டுப் பார்த்தால் போதாது. பாட்டின் சத்தத்தில் சின்னக் கிழிசல் மறைந்துவிடும். ஆடாசிட்டியில் ‘ஜெனரேட்’ பட்டியலில் ‘சர்ப்’ என்பதைத் தேர்ந்து 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 10,000 ஹெர்ட்ஸில் முடியும் ஒலியை 30 விநாடிக்கு உருவாக்குங்கள். வீச்சு 0.3 இருக்கட்டும். அதைக் கோப்பாகச் சேமித்து எடுத்துப் போங்கள். பாதி ஒலியளவில் ஓட்டினால், ஊளை கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் ஒலி மெலிந்திருப்பது மடிக்கணினிக்கு இயல்பு. ஏதாவது ஓரிடத்தில் ‘ஜ்ஜ்ஜ்’ என்று நடுங்கினால் நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டி, கணினியின் உடலை விரலால் அங்கங்கே அழுத்துங்கள். அழுத்தும்போது நின்றால் தளர்ந்த திருகு அல்லது மேல்தகடு. எங்கே அழுத்தினாலும் நிற்காவிட்டால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’, ‘பிளேபேக்’, ‘கான்ஃபிகர்’, ‘டெஸ்ட்’. இடம், வலம் இரண்டும் தத்தம் பக்கத்தில், சம அளவில் ஒலிக்க வேண்டும். உச்ச சுரங்கள் உங்களுக்குக் கேட்காவிட்டால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். வயது ஏற ஏற உச்ச ஒலி கேட்கும் திறன் எல்லோருக்குமே குறையும். கேட்கவில்லையே என்று ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்கும் ஸ்பீக்கருக்கும் ஆபத்து.

இணையத்தில் வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். வில்லை நீட்டி இழுக்கும்போது பாதியில் ஒலி தேய்ந்து மறைகிறது என்கிறார்கள்.

செயலியில் இருக்கும் இரைச்சல் நீக்கிதான் காரணம். ஏற்ற இறக்கமில்லாமல் நீண்டு வரும் ஒலி எதுவானாலும் அது மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி நீக்கிவிடும். பேச்சு நின்று நின்று வருவதால் தப்பிக்கிறது; நீண்ட சுரம் மாட்டிக்கொள்கிறது. ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதை ஆடியோ அமைப்பில் இயக்கிவிட்டு, வகுப்பு தொடங்கியதும் திரையிலும் அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீம்ஸில் ‘ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’. எதிரொலி நீக்கியையும் அணைப்பதானால் ஹெட்போன் கட்டாயம். இல்லாவிட்டால் மாணவரின் குரல் உங்கள் மைக் வழியாக அவருக்கே திரும்பும். சோதிக்க, ஒரே சுரத்தை 15 விநாடி இழுத்து, மாணவர் பக்கத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கத்துப் பதிவில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

பதிவுகளில் அவ்வப்போது ‘டிக்’ ‘டிக்’ என்று வெடிப்பு. மைக்கா, ஸ்பீக்கரா?

அதே பதிவை மூன்று முறை ஓட்டி, வெடிப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறையும் அதே விநாடியில் வந்தால் அது பதிவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்தால் பதிவு சுத்தம். ஓட்டும் பக்கத்தில்தான் கோளாறு.

பதிவில் இருந்தால், யூ.எஸ்.பி. மைக்கை ஹப்பிலிருந்து கழற்றி நேராகக் கணினியில் செருகுங்கள். விண்டோஸிலும் ஆடாசிட்டியிலும் மாதிரி வீதம் ஒன்றாக, 48,000 ஹெர்ட்ஸ் என்று இருக்கட்டும். பேச்சுக்கு ஒரு மாதிரிக்கு 16 பிட் தாராளம். கம்பியில்லா மைக்கின் சிறு ஏற்பி யூ.எஸ்.பி. 3 துளைக்கு ஒட்டினாற்போல் இருந்தால் அந்தத் துளையின் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். ஒரு நீட்டிப்புக் கம்பி போட்டு ஏற்பியைத் தள்ளி வையுங்கள். ஓட்டும் பக்கத்தில் என்றால் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ஐ அணைத்துப் பாருங்கள், பின்னணியில் கனமாக ஓடும் நிரல்களை மூடுங்கள்.

மடிக்கணினி மைக்கின் துளையில் தூசி அடைத்திருக்கிறது. குண்டூசியால் எடுக்கலாமா?

கூடவே கூடாது. துளைக்குப் பின்னால் இருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள மெல்லிய சவ்வு. ஊசி பட்டால் அத்தோடு போயிற்று. அழுத்தமான காற்றைப் பீய்ச்சுவதும் சவ்வைக் கிழிக்கும். கணினியை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி திரையைச் சாய்த்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் மேலாகத் துடையுங்கள். அதற்கு முன் திரை மேல் ஒட்டிய படலமோ கேமரா மூடியோ துளையை மறைக்கவில்லையே என்று பாருங்கள். அடைப்பு என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு. துடைப்பதற்கு முன் ஒரு முறையும் துடைத்த பின் ஒரு முறையும், அதே இடத்தில் உட்கார்ந்து, ‘பாப்பா பம்பரம் பார்த்தாள்’ என்று பதிந்து இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள்.